ஒரே மாதிரி கேட்கிற வார்த்தைகள்

ஜனவரி 3, புதன்

வருஷா வருஷம் ஆபீஸில் ஒரு டைரி கொடுக்கிறார்கள். பதினெட்டு வருஷமாக அதில் மளிகைச் சாமான் எழுதிக் கிழித்திருக்கிறேனே தவிர, டைரியாக எழுதியதில்லை. இது பானுவின் உத்தரவு.

முதல் பக்கத்தில் கேட்டதையெல்லாம் நிரப்பினேன். பெயர்: மங்கையர்க்கரசி. வயது: 46. ரத்தம்: ஓ பாசிட்டிவ். முகவரி: உறையூர், திருச்சி. தொழில் என்ற இடத்தில் கொடுத்திருந்த கோடு போதவில்லை. அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு மெஷினில் வாயால் சொல்லி வைப்பதை, தில்லை நகரில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பவள் என்று அரை அங்குலத்தில் எப்படி எழுதுவது? 'காதால் பிழைப்பவள்' என்று எழுதினேன்.

பானு எங்கள் தரப் பிரிவின் தலைவி. வயது இருபத்தொன்பது. வேலைக்கு வந்த அன்று ஹெட்போனில் எது இடது, எது வலது என்று காட்டிக்கொடுத்தது நான்தான். இன்று என்னைக் கூப்பிட்டு டிசம்பர் மாத அறிக்கையை நீட்டினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருந்தால்தான் எங்கள் ஆபீஸில் மனுஷி. எனக்கு 97.1.

"மார்ச் கடைசிக்குள்ள தொண்ணூத்தெட்டு வந்துடணும்க்கா. இல்லைன்னா நாம உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்."

அப்படி உட்கார்ந்து பேசப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். திரும்பி வந்து தங்கள் டீ கப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

தப்பெல்லாம் ஒரே வகை என்றாள் பானு. காதுக்கு ஒன்றுபோல் கேட்கும், எழுத்து மட்டும் வேறு. ஹோமோஃபோன் என்று பெயர். 'மூன்று வாரம் கழித்து வரவும்' என்பதற்கு week போடாமல் weak போட்டிருக்கிறேன். நோயாளி மூன்று பலவீனம் கழித்து வர வேண்டும்.

"தினம் நாலு வார்த்தை எழுதுங்கக்கா. ஞாபகம் வெச்சுக்க நீங்களே ஏதாவது வழி கண்டுபிடிங்க. நீங்க கண்டுபிடிச்சாதான் உங்களுக்கு மறக்காது."

காதுக்கு ஒரு பாஷை, கண்ணுக்கு ஒரு பாஷை என்று வைத்துக்கொண்டு உலகத்தை ஆண்டிருக்கிறார்கள். சரி, எழுதுவோம்.

ஜனவரி 5, வெள்ளி

week: வாரம். இரண்டு e பக்கத்தில் பக்கத்தில். சனி, ஞாயிறு.
weak: பலவீனம். நடுவில் a. 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிட்ட a.
heel: குதிகால். மனுஷனுக்கு இரண்டு குதிகால், இரண்டு e.
heal: குணமாவது. health-இல் இருக்கிற அதே a.

brake, break இரண்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இவரிடம் கேட்டேன். இவர் என்றால் சிவநேசன், என் வீட்டுக்காரர். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார். நாலு தடவை திருப்பிக் கேட்ட பிறகுதான் விளங்கியது. "பிரேக் போட்டா வண்டி கடைசியில போய் நிக்கும். அதனால e கடைசியில நிக்குது." நல்ல வழிதான். ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறார். கல்யாணமான புதிதில் இவர் வாசலில் கூப்பிட்டால் தெருமுனை வரை திரும்பிப் பார்க்கும். வயதானால் குரல் தேய்ந்துவிடும் போல.

hear, here: hear-க்குள் ear இருக்கிறது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இடத்தை நிரப்ப எழுதினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

குக்கர் விசில் சரியில்லை. மூன்று விசிலுக்கு வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் தலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தார். ஒன்பது விசிலாம். பருப்பு பாயசமாகிவிட்டது.

கடைக்குப் போய் புது வெயிட் வாங்கி மாட்டினேன். புதுசும் அப்படித்தான் இருக்கிறது. காலிங் பெல்லும் கெட்டுவிட்டது என்று போன வாரம் ஆளைக் கூப்பிட்டேன். அவன் வந்து நாலு தடவை அமுக்கிவிட்டு "நல்லாத்தானேம்மா இருக்கு" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். இப்போதெல்லாம் எந்தப் பொருளிலும் தரமில்லை. வேலைக்கு வருகிற ஆட்களிடமும் இல்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். சென்னையிலிருந்து மகள் தேன்மொழி போன் பண்ணினாள். "ஏம்மா இப்படிக் கத்துற?" என்றாள். பொங்கலோ பொங்கல் என்றுதான் சொன்னேன். அதை மெதுவாகவா சொல்வார்கள்?

ஜனவரி 22, திங்கள்

97.6!

இந்த வாரம் மருத்துவச் சொற்களில் இறங்கிவிட்டேன். ileum என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. ilium என்றால் இடுப்பெலும்பு. சொல்லிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. நவம்பரில் ஒரு நோயாளியின் குடலை உடைத்துக் கட்டுப் போட்டுவிட்டிருக்கிறேன். வழி கண்டுபிடித்தேன்: இடுப்புக்கு இ, அதனால் i. குடலுக்கு எனிமா, அதனால் e. எனிமா அவ்வளவு தூரம் உள்ளே போகாது. என் ஞாபகத்துக்குள் போனால் போதும்.

pleural: நுரையீரல் உறை. plural: பன்மை. மூச்சு இழுத்தால் உள்ளே காற்று போகிற மாதிரி ஒரு e உள்ளே போயிருந்தால் நுரையீரல்.

எல்லாவற்றிலும் பொல்லாதது afebrile. ஒட்டி எழுதினால் காய்ச்சல் இல்லை என்று அர்த்தம். a febrile என்று பிரித்து எழுதினால் காய்ச்சல் உண்டு. கணவன் மனைவி மாதிரி, ஒட்டி இருந்தால் காய்ச்சல் இல்லை. எனக்கே சிரிப்பு வந்து இவரிடம் சொன்னேன். இவர் பீரோவில் எதையோ தேடிக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்தபடி ஏதோ பதில் சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

இன்னொரு தடவை ஏதோ சொன்னார்.

"என்ன?"

இந்தப் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்லை."

இந்த 'ஒண்ணுமில்லை' இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அடிக்கடி வருகிறது.

ஜனவரி 30, செவ்வாய்

பானுவுக்கு வேலை குறைவு போல. மூன்று மாதத்துத் தப்புகளை எடுத்து நீலம், சிவப்பு என்று இரண்டு நிறத்தில் அடையாளம் போட்டு வைத்திருந்தாள்.

"நீலம் எல்லாம் ஹோமோஃபோன். கொறஞ்சுட்டே வருது, சூப்பர்க்கா. சிவப்பைப் பாருங்க."

சிவப்பு கூடிக்கொண்டு வந்தது. sixty என்பதற்கு fifty. விழுங்க முடியாதவருக்குப் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தேன், dysphagia, dysphasia. வார்த்தைக் கடைசியில் வரவேண்டிய s பாதி இடத்தில் இல்லை.

"இதுவும் ஒரே மாதிரி கேட்கிற வார்த்தைதானே, பானு."

"இல்லக்கா. எனக்கு வேற வேற மாதிரி கேட்குது."

"எனக்கு ஒரே மாதிரிதான் கேட்குது."

பானு பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு "புது ஹெட்போன் தரச் சொல்றேன்க்கா" என்றாள்.

பழைய ஹெட்போன்தான் காரணம் என்று நான் அப்போதே நினைத்தேன். புதுசு நன்றாக இருக்கிறது. சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தால் தெளிவாகவே கேட்கிறது. பக்கத்து சீட்டுக்காரி, "அக்கா, உங்க டாக்டர் சொல்றது எனக்கும் கேட்குது, நானே அடிச்சுத் தரவா?" என்று கிண்டல் செய்கிறாள்.

dysphagia: கவளத்துக்கு g. dysphasia: சொல்லுக்கு s. இதையும் எழுதி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இவருக்குக் காது போய்விட்டது.

முப்பது வருஷமாக ஒர்க் ஷாப் இரைச்சலில் நிற்கிறவர். காது போகாமல் என்ன செய்யும்? காது கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்று ஆயிரம் ரிப்போர்ட்டில் டைப் அடித்திருக்கிறேன். இவர் மெதுவாகப் பேசுகிறார். டி.வி. சத்தத்தைக் கூட்ட வேண்டியவர், நான் அந்தப் பக்கம் போனதும் குறைத்து வைக்கிறார். இவர் கேஸ் கொஞ்சம் வேறு மாதிரி, அவ்வளவுதான்.

சாப்பிடும்போது பக்குவமாக ஆரம்பித்தேன். "உங்க காதை ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாங்க."

ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே ஊரைத் தாண்டி ஓடுகிற மனுஷர். போன வருஷம் பல் வலிக்கு என்னென்ன சாக்குச் சொன்னார்! இன்று சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "சரி, அடுத்த வாரம் சனிக்கிழமை போலாம். இடம் எனக்குத் தெரியும்" என்றார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் எனக்குத்தான் சந்தேகம் வருகிறது.

பிப்ரவரி 8, வியாழன்

வேலை அதிகம். எழுத நேரமில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 12, திங்கள்

வியாழக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அடுத்த பக்கம் போக முடியாது.

பானு என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ஒரு பெரியவர், எண்பத்தொரு வயது. இருதய மாத்திரை பதினைந்து மில்லிகிராம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் ஐம்பது என்று அடித்திருக்கிறேன். வார்டு நர்ஸ் படித்துப் பார்த்துவிட்டு, இது என்ன அளவு என்று டாக்டருக்கே போன் செய்திருக்கிறார். அதனால் கொடுக்கவில்லை.

"கொடுக்கலையே?"

"கொடுக்கலைக்கா."

"ஒரு வேளைகூட?"

"ஒரு வேளைகூட இல்லை."

டாக்டர் பேசியதைப் போட்டுக் காட்டினாள். ஐம்பது என்றுதான் கேட்டது. மறுபடி போடச் சொன்னேன். ஐம்பது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்போதும் ஐம்பது. பானு என் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "ஃபிஃப்டீன்" என்றாள். சரியாகக் கேட்டது.

"பாத்தியா, நீ சொன்னா கேட்குது. அந்த டாக்டர் உச்சரிப்புதான் சரியில்லை" என்றேன்.

பானுவின் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தது நான், இவள் ஏன் அழ வேண்டும்?

அந்தப் பெரியவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, தரமாட்டார்கள். ஆனால் மனைவியோடு இருக்கிறார், வீட்டுக்குப் பின்னால் தக்காளி போட்டிருக்கிறார் என்று நானே டைப் அடித்திருந்தேன். நாலு நாளாகக் கடையில் தக்காளியைப் பார்த்தால் கை போகவில்லை.

டாக்டர் எதையோ மென்றுகொண்டே பேசுகிறார் என்று எழுத உட்கார்ந்தேன். மென்றுகொண்டு பேசவில்லை.

பிப்ரவரி 17, சனி

காது பரிசோதனை நிலையம் புத்தூரில், ஒரு மருந்துக் கடைக்கு மாடியில். சின்ன இடம். படியேறும்போது நான் முன்னால், இவர் பின்னால். இவருடைய காது பற்றி டாக்டரிடம் சொல்ல ஒன்பது விஷயம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

சோதனை செய்கிறவர் பெயர் ரெஜினா. இவரைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க சார். டிசம்பர்லயே பேர் குடுத்துட்டுப் போனீங்க, இப்பத்தான் கூட்டிட்டு வர்றீங்க!"

இவர் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். நான் மேஜையில் இருந்த சீட்டைப் பார்த்தேன். அதில் என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, வேறு பேனாவில், இடுக்கி எழுதியதுபோல இவர் பெயர்.

முதலில் இவர்தான் உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார். "ஒர்க் ஷாப்ல இருக்கிறவருக்கு இப்படியொரு காது நான் பார்த்ததில்லை" என்றார் ரெஜினா. இவர் பரீட்சையில் தேறிய பையன் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வந்ததுதான் வந்தோம், நீயும் ஒரு தடவை உட்கார்ந்துட்டு வா, மங்கை" என்றார். எத்தனை நாளாகச் சொல்லிப் பார்த்துப் பழகினாரோ.

சின்ன அறை. கதவைச் சாத்தினால் உலகமே இல்லை. காதில் மாட்டிவிட்டு, 'கீ' என்று சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினேன். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. இவ்வளவு நேரம் வராமல் இருக்காது என்று ஒரு கணக்கில் அமுக்கினேன். இன்னொரு தடவையும் அமுக்கினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெஜினா கையைத் தூக்கினார். கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அக்கா, நான் சத்தமே அனுப்பலையே. எதுக்கு அமுக்குனீங்க?"

நாற்பத்தாறு வயதில் காப்பியடித்து மாட்டிக்கொண்டேன்.

பிறகு வார்த்தைகள். அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். "பல்." பல். "மீன்." மீன். "சட்டை." சட்டை. இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஒரு காகிதத்தை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். பாதிக்கு மேல் தவறிவிட்டது. 'சட்டை'யை நான் 'கட்டை' என்றேன், 'தட்டு' என்பதைப் 'பட்டு' என்றேன்.

"நீங்க ரொம்ப நாளா உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கறீங்க அக்கா. உங்களுக்கே தெரியாம. கீச்சுன்னு வர்ற சத்தமெல்லாம் ரெண்டு காதுலயும் நல்லா கொறஞ்சிருக்கு. ச, ஸ, த மாதிரி எழுத்துங்க நழுவிடும்."

ஹெட்போனில் வருகிற டாக்டருக்கு உதடு கிடையாது.

ஆட்டோவில் வரும்போது இவர் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து கேட்டேன். "உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டிருந்த. கேக்கலை."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். தென்னூர் பாலம் ஏறும்போது அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. இவர் கைக்குட்டையை நீட்டினார். கிரீஸ் வாசனை.

பிப்ரவரி 18, ஞாயிறு

யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன்.

அப்பா முசிறியில் பள்ளிக்கூட வாத்தியார். நாற்பது வயதுக்குமேல் அவருக்குக் காது மந்தமானது. சட்டைப் பையில் பெட்டி, காதுக்கு ஒயர். வகுப்பில் பையன்கள் எழுந்து நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சந்தேகம் கேட்பார்கள். அப்பா பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்ப்பார், திருகுவார், ஒயரைப் பிடுங்கி மாட்டுவார். மொத்த வகுப்பும் சிரிக்கும்.

ஆறாம் வகுப்பில் நானும் அவர் மாணவி. மூன்றாவது பெஞ்ச். ஒரு நாள் சிநேகிதிகள் எல்லாரும் எழுந்து வாயை அசைத்தார்கள். நானும் எழுந்து அசைத்தேன்.

அப்பா பெட்டியைத் தட்டவில்லை. என்னைப் பார்த்தார். "உட்காரும்மா" என்றார். வீட்டில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, சாகும்வரை.

பிப்ரவரி 20, செவ்வாய்

discrete: தனித்தனி. இரண்டு e-யும் நடுவில் t சுவர் வைத்துக்கொண்டு பிரிந்து நிற்கின்றன.
discreet: விஷயத்தை வெளியே விடாமல் இருப்பது. இரண்டு e-யும் நெருங்கி உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுகின்றன. நாங்களும் வீட்டில் அப்படித்தான் இருக்கிறோம். பானுவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

காலையில் குளிக்கும்போதே வாக்கியத்தைத் தயாரித்துவிட்டேன். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் அதை ஏழு விதமாக மாற்றிவிட்டேன். கண்ணாடி அறைக்குள் போய், இந்தத் தடவை கதவைச் சாத்தியது நான். வாக்கியம் மறந்துவிட்டது. ரெஜினா கொடுத்த வரைபடத்தை மேஜையில் வைத்தேன். வலது பக்கம் போகப் போகப் படிக்கட்டு மாதிரி இறங்குகிற கோடு.

"சிவப்பு கூடுறதைக் காட்டினியே பானு. அதுக்குக் காரணம் இதுதான்."

பானு அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சுக்கா. கேட்டா உங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடுமோன்னு பயந்தேன். கலர் போட்டுக் காட்டினேன், அதுக்கு மேல தைரியம் வரலை. அந்த ஃபிஃப்டீன் விஷயம் ஏதாவது ஆகியிருந்தா, அது என்னாலதான்னு..."

"உன்னாலயா? நல்லா இருக்கே! தப்பெல்லாம் நான் பண்ணுவேன், பேரு நீ வாங்கிக்குவியா?"

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்த வார்த்தையைத் தலைவியாகவே சொன்னாள். இனிமேல் கேட்டு டைப் அடிக்கிற வேலை எனக்குத் தரமாட்டாள். பதினெட்டு வருஷ வேலை. மேலே பேசிவிட்டு முடிவு சொல்வதாகவும், அதுவரை மெஷின் பிரிவில் உட்காரச் சொல்லியும் அனுப்பினாள். நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். வீட்டுக்கு வந்து இவரிடம், நான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டேன் என்று சொன்னேன். ராத்திரிச் சாப்பாடு இவர்தான் செய்தார். ரசத்தில் உப்பில்லை.

மார்ச் 1, வெள்ளி

மெஷின் பிரிவு என்றால், டாக்டர் பேசுவதைக் கம்ப்யூட்டரே கேட்டு எழுதிவிடும். அதை மனுஷி படித்துத் திருத்த வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாம்புக் காது. டாக்டர் தும்மினால்கூடக் கேட்கும். அர்த்தம்தான் ஒன்றும் தெரியாது. நோயாளி பொறுமை இழந்தார் என்பதற்கு, நோயாளி நோயாளிகளை இழந்தார் என்று எழுதியிருக்கிறது. patience, patients. காய்ச்சல் இல்லாதவருக்கு இடைவெளி விட்டுக் காய்ச்சல் வரவழைத்திருக்கிறது. காலையிலிருந்து முப்பத்தெட்டு ஹோமோஃபோன் பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் என் டைரியில் வழி இருக்கிறது.

என்னைப்போலவே தப்பு செய்கிற ஒன்றைப் பார்த்ததில் ஒரு அற்ப சந்தோஷம்.

மார்ச் 7, வியாழன்

காது மெஷின் வந்தது. இரண்டு புளியங்கொட்டை அளவு. அப்பாவின் பெட்டியை நினைத்துக்கொண்டு போனவளுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ரெஜினா மாட்டிவிட்டுச் சொன்னார். "மூக்குக் கண்ணாடி மாதிரி போட்டதும் எல்லாம் சரியாயிடாது அக்கா. மூளை பழகணும். ரோட்டு இரைச்சல்ல கஷ்டமாத்தான் இருக்கும். ஒண்ணு மட்டும் செய்யுங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க. சும்மா சிரிச்சுத் தலையாட்டாதீங்க."

சிரித்துத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ரகளை. என் புடவை இத்தனை சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் முனகுகிறது. இந்தப் பேனா காகிதத்தில் கீச்சுக் கீச்சென்று எலி மாதிரி ஓடுகிறது. வெண்டைக்காய் நறுக்கினால் அதற்கு ஒரு சத்தம். இவர் முறுக்கு தின்கிற சத்தத்தைக் கேட்ட பிறகு, இரண்டு வருஷமாக எனக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கிறது என்று புரிந்தது.

மார்ச் 28, வியாழன்

பானு அறிக்கை கொடுத்தாள். திருத்தும் பிரிவில் என் மதிப்பெண் 98.9. மேலே பேசிவிட்டாளாம். இனி அங்கேயே நிரந்தரம். சந்தேகமான இடத்தை நான் குறித்து வைத்தால் பானுவோ வேறு ஒருவரோ கேட்டுச் சொல்வார்கள். டைப் அடிக்கிற வேலை போனது போனதுதான். அந்தப் பழைய சீட்டைத் தாண்டும்போது மனசு ஒரு இழு இழுக்கிறது.

ஆபீஸில் பானு தவிர யாருக்கும் சொல்லவில்லை. தலைமுடியைக் காதுக்குமேல் இழுத்துவிட்டுப் போகிறேன். வெளியிலும் அப்படித்தான். இன்று காலை மாடி வீட்டு அம்மா படியில் நின்று ஏதோ சொன்னார். தெருவில் தண்ணீர் லாரி. எனக்குப் பாதி விழவில்லை. வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போய் உள்ளே போய்விட்டார். இவர் பிறகு சொன்னார், அந்த அம்மாவின் மாமியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாராம். நான் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஏன் சிரித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அது தொண்டை வரை வருகிறது, அங்கிருந்து திரும்பிப் போய்விடுகிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்று தேன்மொழி சென்னையிலிருந்து ரயிலில் வந்தாள். இவர் ஒர்க் ஷாப்பிலிருந்து நேராக ஜங்ஷனுக்குப் போய்விட்டார். நானும் அங்கே போக, ஆபீஸ் முடிந்து தில்லை நகரில் பஸ்ஸுக்கு நின்றேன். ஐந்தரை மணி, ஊரில் இருக்கிற அத்தனை ஹாரனும் அங்கே இருந்தது.

ஒரு பஸ் வந்தது. முகப்புப் பலகையில் எழுத்து எரியவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எதையோ கூவினார். எனக்கு அது வெறும் இரைச்சல். இதுபோல் எத்தனை பஸ்ஸில் மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏறியிருக்கிறேன்! பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் அவர் சொல்வதும் கேட்காது, அதற்கும் தலையாட்ட வேண்டும்.

மாடி வீட்டு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினேன். ரோடு ஓரத்தில், இருபது பேர் நடுவில், அந்தக் கண்டக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"எனக்குக் காது சரியா கேட்காதுங்க! சத்தமா சொல்லுங்க!"

முப்பத்தைந்து வருஷம் கழித்து யாரோ வாயை அசைத்து என்னைக் கேலி செய்யப் போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

கண்டக்டர் கையைக் குவித்துத் தன் காதில் வைத்துக்கொண்டு குனிந்தார். "என்னம்மா? சத்திரமா? சத்திரம் பஸ் ஸ்டாண்டுதான், ஏறுங்க, ஏறுங்க!"

"சத்திரம் இல்லைங்க, சத்தமா..."

"அதான் சத்திரம்ங்கறேனே! சீக்கிரம் ஏறும்மா!"

பின்னால் நின்ற கல்லூரிப் பெண் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். கண்டக்டர் விசில் ஊதினார். அது நன்றாகவே கேட்டது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் சிரிப்பு ஆரம்பித்தது, அடக்க முடியவில்லை. அந்த வாக்கியத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்து சொல்கிறேன், கேட்க வேண்டிய மனுஷருக்கு அது கேட்கவில்லை. பக்கத்துச் சீட்டில் பூக்கூடையோடு இருந்த பெண் "என்னக்கா?" என்றாள். "எனக்குக் காது கேட்காது, அதான்" என்றேன். இரண்டாவது தடவை சுலபமாக வந்தது. "அதுக்கா சிரிக்கிறீங்க?" என்று அவளும் சிரித்தாள்.

பாதி வழியில் இவர் போன். "வண்டி வந்துடுச்சு, மங்கை. எங்க இருக்க?"

"சத்திரம் பஸ்ல போயிட்டிருக்கேங்க."

"நாங்க ஜங்ஷன்ல நிக்கிறோம், நீ எதுக்கு சத்திரத்துக்குப் போற?"

"கண்டக்டருக்குக் காது கேட்கலைங்க."